குனியாமல் எழுதிய தாள்

பேக்கரியின் பின்வாசலில் நின்று சர்க்கரை மூன்றாவது தடவையாக மணியை அழுத்தினான். உள்ளே மாவு பிசையும் இயந்திரம் ஓடுகிற சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கேட்காமலே போனால் நல்லது என்று ஒரு மனம் சொன்னது. ஆள் இல்லை என்று திரும்பிப் போய் அக்காவிடம் சொல்லிவிடலாம். மூன்று நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். பேக்கரிக்காரர் ஊரில் இல்லை, வந்ததும் கூட்டிவருகிறேன் என்று. அக்கா ஒவ்வொரு நாளும் சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்று காலை அவள் கண்ணை மூடவில்லை. வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ் அவளுடைய பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தாள். பொழுது சாய்கிறவரை தாங்குவது கஷ்டம், தூரத்தில் யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள் என்றாள். தூரத்தில் யாரும் இல்லை. அக்காவுக்கு இருந்ததெல்லாம் ஒரு தம்பி, அவன் மனைவி, கடைத்தெருவின் கோடியில் பழைய கார்கள் விற்கும் ஒரு கடை. சர்க்கரை செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பினான்.

அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பேச்சில் இனிப்பு கூடிப்போனதால் கார் தரகர்கள் வைத்த பட்டம் சர்க்கரை. அக்காவுக்கு அவர்கள் வைத்தது எக்ஸ்ரே. இருபத்தெட்டு வருடமாக வாசலில் நின்று பேசுவது அவன் வேலை, வண்டியைப் பார்ப்பது அவள் வேலை. வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில்தான் பார்ப்பாள். முதலில் கை வைக்காமல் வண்டியைச் சுற்றி ஒரு நடை. பிறகு குனிவாள். கதவோரத்து ரப்பரை இழுத்து, அதற்கடியில் தகடுகளைச் சேர்த்த வெல்டிங் புள்ளிகளை எண்ணுவாள். போல்ட் தலைகளில் ஸ்பானர் பட்ட தடம் உண்டா என்று நகத்தால் தடவுவாள். விளக்குகளில் பொறித்த வருடமும் வண்டியின் வருடமும் ஒன்றா என்று பார்ப்பாள். எல்லாம் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, அடியில் கார்பன் வைத்து ஒரு தாள் எழுதுவாள். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: இந்த வண்டிக்கு நடந்தவை.

நல்ல வண்டி, கெட்ட வண்டி என்ற பேச்சே தாளில் வராது. பம்பரில் உரசல் என்றால் எழுதுவாள், விலையில் கை வைக்கமாட்டாள். ஒரு கதவுக்கு மறுபடி பெயிண்ட் அடித்திருந்தால் கொஞ்சம் குறைப்பாள். கதவையே மாற்றியிருந்தால் இன்னும் கொஞ்சம். அடிச்சட்டத்தில் வெல்டிங் பட்டிருந்தால் விலை போடும் இடத்தில் 'வேண்டாம்' என்று எழுதிவிடுவாள். அந்தத் தாள் காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும், தெருவில் போகிறவரும் படிக்கலாம்.

ஆரம்பத்தில் சர்க்கரை அவளோடு எவ்வளவோ சண்டை போட்டான். வாங்க வருகிறவன் கண்ணுக்கே தெரியாத கீறலை நாமே ஏன் விரல் நீட்டிக் காட்ட வேண்டும், பக்கத்துக் கடைக்காரன் என்ன பைத்தியக்காரனா என்றெல்லாம். அக்கா சத்தம் போடமாட்டாள். "தட்டினதுக்கு எவ்வளவு குறையணுமோ அவ்வளவு குறையட்டும்டா. என்ன நடந்துச்சுன்னு தெரியாத வண்டிக்குத்தான் ஜனங்க பாதி விலை கேக்குறாங்க" என்பாள். அது எவ்வளவு உண்மை என்று தெரிய அவனுக்கு ஐந்தாறு வருடம் ஆயிற்று. பழைய கார் வாங்க வருகிறவர்களுக்கு ஒரே ஒரு பயம்தான். அடிபட்ட வண்டி. கேட்டைத் தாண்டும்போது உரசியதா, மரத்தில் மோதி நசுங்கியதா என்ற பாகுபாடெல்லாம் அந்தப் பயத்துக்குக் கிடையாது. அக்காவின் தாள் அதற்கு ஓர் அளவு போட்டுக் கொடுத்தது. இந்தக் கடையில் பேரம் சீக்கிரம் முடிந்தது. தன் வாய்ச் சாமர்த்தியத்தால்தான் என்று சர்க்கரை நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தான். ஒரு முறை அவளுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் கடைக்கு வராதபோது ஒரு வண்டியும் நகரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் தாள் எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்குத் தெளிந்தது.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், என்னைப் பார்க்க வந்தவங்களை நானும் சுத்தி ஒரு நடை நடந்து பார்த்துட்டேன், அதோட யாரும் வரல என்பாள்.

போன வாரம் அவளைப் பார்க்க வயரிங்காரர் வந்திருந்தார். கார்களுக்கு மின்கம்பி வேலை செய்கிறவர், பழைய சிநேகிதர். மூக்கில் குழாய் வைத்துப் படுத்திருப்பவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று எலிக்கதை ஒன்றை எடுத்துவிட்டார். ஒரு பேக்கரிக்காரர் கார். சாம்பல் நிறம். ரொட்டித் துணுக்குக்கு வந்த எலி இடது முன்சக்கரத்துக்கு மேலே குடித்தனம் வைத்துக் கம்பி அத்தனையையும் கடித்துத் துப்பிவிட்டது. ஃபெண்டரை, அதாவது சக்கரத்தை மூடியிருக்கும் அந்தத் தகட்டை, கழற்றினால்தான் கை உள்ளே போகும். கழற்றியபோது அதில் கீறல் விழுந்து, நான் என் கைக்காசில் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். எலிக்கு வாடகை நான் கட்டினேன் என்று அவரே சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. எந்த வருடம் என்று கேட்டாள். விளக்கையும் மாற்றினீர்களா என்று கேட்டாள். ஆமாம், அதன் கம்பியையும் எலி விட்டுவைக்கவில்லை என்றார். அவர் போன பிறகு வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நகல் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னாள். அந்தக் கார் விற்பனைக்கு வந்தபோது, இரண்டு வருடத்துக்கு முன், அவள் எழுதிய தாளைச் சர்க்கரைதான் தேடி எடுத்துப் படித்தான். இடது முன்பக்கம் மோதல். ஃபெண்டர் கழற்றி மாட்டியது, புது பெயிண்ட். இடது விளக்கு புதிது. உள்தகடும் நசுங்கி நிமிர்த்தப்பட்டிருக்கக் கூடும்.

"கூடும்னு நான் எழுதவே மாட்டேனே" என்றாள். பிறகு அவன் பக்கம் தலையைத் திருப்பி, "அன்னைக்கு நான் குனியல தம்பி. மூச்சு வாங்கிச்சு. உன்கிட்ட சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன்னு, நின்னபடியே பாத்துட்டு எழுதிட்டேன்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் கேட்டது ஒன்றுதான். அந்தக் காரை மறுபடி பார்க்க வேண்டும். புதுத் தாள் எழுத வேண்டும். அதன் நகலைக் கடைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும், பழைய தாள் தப்பு என்று.

சர்க்கரையைத் தயங்க வைத்தது அந்தக் கடைசி வாக்கியம்தான். அக்கா போய்விட்டால் கடைக்கு மிச்சம் இருக்கப்போவது அவள் பெயர் மட்டும்தான். ஒரு தாள் தப்பு என்று அவளே சொல்லிவிட்டால் இருபத்தெட்டு வருடத் தாள்களையும் சந்தேகப்படமாட்டார்களா? அவள் பேரைப் பத்திரமாக வைத்திருக்கத்தான் பொய் சொல்கிறேன் என்று மூன்று நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதைச் சொல்லும்போதெல்லாம், கீறலை மறைத்துப் பேசக் கற்றுக்கொண்ட பழைய நாட்களின் தன் குரல்தான் அவனுக்குக் கேட்டது.

இயந்திரம் நின்றது. பேக்கரிக்காரர் முழங்கை வரை மாவோடு கதவைத் திறந்தார். ஆளை அடையாளம் தெரிந்ததும் அவர் முகம் இறுகியது.

சர்க்கரை இனிப்பான முன்னுரை எதையும் தேடவில்லை. நேரமும் இல்லை. எலி, வயரிங்காரர், அக்காவின் நிலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். அவர் கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றார். அவர் திட்டுவார் என்று அவன் காத்திருந்தான். அந்தத் தாளுக்குப் பிறகு பேசிவைத்திருந்த ஆள் வாங்காமல் போய்விட்டார், மற்ற கடைகளில் முக்கால் விலைக்கு மேல் யாரும் கேட்கவில்லை, விற்று வேன் வாங்க நினைத்தவர் கடைசியில் அந்தக் காரின் பின்சீட்டையே கழற்றிப் போட்டுவிட்டு ரொட்டித் தட்டு ஏற்றிக்கொண்டிருக்கிறார். இதெல்லாம் அவனுக்குத் தரகர்கள் மூலம் ஏற்கெனவே தெரியும்.

தெரியாதது ஒன்று இருந்தது.

"அப்ப என் தம்பி இடிக்கலையா?" என்று கேட்டார்.

தாள் எழுதுவதற்கு இரண்டு மாதம் முன்பு வெளியூர் போக அந்தக் காரை அவருடைய தம்பி இரவல் வாங்கிப் போயிருந்தான். தாளைப் பார்த்ததும் அவர் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். எங்கே இடித்தாய்? அவன் இடிக்கவே இல்லை என்றான். எலி கடித்த கதையும் இவருக்குத் தெரியும், ஆனால் வெறும் கம்பி வேலைக்கா தகட்டைக் கழற்றிப் பெயிண்ட் அடிப்பார்கள்? கீறலும் பெயிண்டும் வயரிங்காரர் இவரிடம் சொல்லாமல் தன்னோடு முடித்துக்கொண்ட சமாச்சாரம். எக்ஸ்ரே அம்மா எழுதினால் அது நடந்ததாகத்தான் இருக்க வேண்டும். தம்பிதான் மறைக்கிறான். பேச்சு தடித்து, அவனைக் கடையை விட்டு வெளியே போகச் சொன்னார். இரண்டு வருடமாக அவர்களுக்குள் பேச்சில்லை. ஒரே தெருவில்தான் வீடு.

உலையின் சூடு கதவு வழியாக வந்துகொண்டிருந்தது. பேக்கரிக்காரர் கையிலிருந்த காய்ந்த மாவை உரித்து உரித்துக் கீழே போட்டார்.

"அக்காகிட்ட இதை மட்டும் சொல்லாதீங்கண்ணே" என்றான் சர்க்கரை. "இன்னைக்கு ஒரு நாள்தான்."

அவர் தலையாட்டிவிட்டு ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அக்காவின் அறை வாசலை ஒட்டியது. ஜன்னலுக்கு வெளியே காரை நிறுத்தினால் படுக்கையிலிருந்து கூரையும் கண்ணாடியின் மேல்விளிம்பும் மட்டும்தான் தெரியும். அது போதும் என்றாள். பேக்கரிக்காரரை வரவேற்று, கட்டிலருகே உட்காரச் சொன்னாள். சர்க்கரையைப் பார்த்து, "ஊர்ல இல்லாதவர் எப்பப்பா வந்தாரு?" என்றாள். சர்க்கரை ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அதற்குமேல் அதைத் துருவவில்லை.

சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே பார்க்கச் சொன்னாள். போனில் படம் எடுத்து வருகிறேன் என்றான்.

"படம் வேணாம். படத்துல படத்துக்குத் தெரிஞ்சதுதான் தெரியும். நீ பாத்துச் சொல்லு."

சர்க்கரை இருபத்தெட்டு வருடத்தில் ஒரு வண்டிக்கு அடியிலும் படுத்தவனில்லை. இஸ்திரி போட்ட சட்டையும் துடைத்த ஷூவும்தான் அவன் தொழிலின் கருவிகள். சட்டையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அப்படியே சாலையில் மல்லாந்து, டார்ச்சோடு தலையைச் சக்கரத்துக்குப் பின்னால் நுழைத்தான். ஜன்னல் திறந்திருந்தது. அவன் மனைவி கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நின்று, அக்காவின் மெல்லிய கேள்விகளை வெளியே கொண்டுவந்து போட்டாள். தகடு சேரும் இடத்தில் புள்ளிகள் வட்டமாக இருக்கின்றனவா? இருக்கின்றன. எத்தனை? ஏழு. அந்தப் பக்கம் போய் எண்ணு. வலப்பக்கம் போய் எண்ணினான், அங்கேயும் ஏழு. இணைப்பில் பூசிய பசை எப்படி இருக்கிறது? அவன் டார்ச்சை நெருக்கிப் பிடித்தான். வருடக்கணக்கில் படிந்த தூசிக்கு அடியில், தொழிற்சாலையில் யாரோ தூரிகையால் பூசிவிட்டுப் போன கோடுகள் அப்படியே இருந்தன. ஒரு சுத்தியலும் அங்கே வந்ததில்லை. அவனுக்கே சந்தேகமில்லாமல் தெரிந்தது.

மூலையில் கை வைத்தபோது ஏதோ பஞ்சு மாதிரி பட்டது. வெளியே எடுத்தான். வைக்கோல், கம்பித் தோல், பேக்கரியின் பெயர் பாதி அச்சாகித் தெரியும் ரொட்டிக் காகிதத் துணுக்குகள். எலிக் கூட்டின் மிச்சம். அதை அப்படியே உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தான். முதுகெல்லாம் மண், காதில் கிரீஸ்.

அக்கா முதலில் அவன் சட்டையைத்தான் பார்த்தாள். பிறகு கூட்டை. அவள் தோள்கள் குலுங்கின. மூச்சுத் திணறல் என்று நினைத்து அவன் மனைவி பதறி வந்தாள். திணறல் இல்லை, அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எழுது" என்றாள்.

நகல் புத்தகத்தைத் தொடையில் வைத்து, கார்பனைச் சரி செய்துகொண்டு அவன் எழுதினான். இந்த வண்டிக்கு நடந்தவை. இடது முன்பக்கம் எலி கம்பிகளைக் கடித்தது. அதைச் சரிசெய்ய ஃபெண்டர் கழற்றப்பட்டது. கழற்றும்போது கீறல், அதற்குப் பெயிண்ட். விளக்கு மாற்றம். மோதல் எதுவும் இல்லை. உள்தகடு தொழிற்சாலையிலிருந்து வந்தபடி உள்ளது. விலையில் பெயிண்டுக்கு மட்டும் சிறிது குறைக்கலாம். முந்தைய தாள் தவறு. எழுதியவர் குனிந்து பார்க்கவில்லை.

அந்தக் கடைசி வரியில் அவன் பேனா நின்றது. அவள் காத்திருந்தாள். எழுதினான்.

பிறகு அவள் பேக்கரிக்காரர் பக்கம் திரும்பி, அந்தத் தாளால் வேறு என்ன ஆயிற்று என்று கேட்டாள். வேன் வாங்க முடியவில்லை, வேறொன்றுமில்லை என்றார் அவர். பார்வை சர்க்கரையிடம் ஒரு கணம் வந்துவிட்டுப் போனது. சர்க்கரை பேனாவை மூடினான், திறந்தான். அறையில் ஆக்சிஜன் குமிழியிடும் சத்தம் மட்டும் இருந்தது. அக்கா ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்கு மெதுவாகப் பார்வையை நகர்த்தினாள். வண்டியைச் சுற்றி நடப்பது போல.

"ரெண்டு பேரும் என்னமோ பூசி வச்சிருக்கீங்க" என்றாள்.

பேக்கரிக்காரர் குனிந்துகொண்டார். சர்க்கரை தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம். ஒரு வார்த்தை இனிப்பாகப் போட்டிருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும், அந்த வார்த்தை நாக்கு நுனியில் தயாராகவும் இருந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை. பேக்கரிக்காரர் தரையைப் பார்த்தபடி தம்பியைப் பற்றிச் சொன்னார். கடையை விட்டுப் போகச் சொன்ன வார்த்தையைக்கூடச் சொன்னார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் திறக்கவில்லை. சர்க்கரையின் மனைவி குனிந்து அவள் மார்பின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

"இன்னும் ஒரு வரி இருக்கு, எழுதிக்கோ" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே. "இந்த வண்டியை இரவல் வாங்கி ஓட்டியவர் மேல் எந்தத் தவறும் இல்லை."

கார்த் தாளில் அப்படி ஒரு வரி எழுதுகிற வழக்கமே இல்லை. சர்க்கரை மறுபேச்சில்லாமல் எழுதினான். அவள் கையில் பேனாவைக் கொடுத்து, புத்தகத்தை அவள் முன் பிடித்துக்கொண்டான். இரண்டே எழுத்துக் கையெழுத்து. முதல் எழுத்துக்கும் இரண்டாம் எழுத்துக்கும் இடையில் அவள் நான்கு முறை மூச்சு வாங்கினாள். யாரும் அவள் கையைப் பிடித்து உதவ முன்வரவில்லை. பேக்கரிக்காரர் அசலை மடிக்காமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, எழுந்து, அவளைப் பார்த்துத் தலை வணங்கிவிட்டுப் போனார்.

"நகலைக் கடைக் கண்ணாடியில ஒட்டிட்டு வா" என்றாள்.

"அப்புறம் ஒட்டுறேன்க்கா."

"இப்பவே போப்பா."

கடை பத்து நிமிட நடை. அதே மண் ஒட்டிய சட்டையோடு நடந்தான். எதிர்ப்புறத்து டீக்கடையில் தரகர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள், அவன் கோலத்தைப் பார்த்து ஒருவரும் கேலி செய்யவில்லை. ஷட்டரைப் பாதி தூக்கினான். கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டினால், காலண்டருக்கும் வியாபார நேரப் பலகைக்கும் நடுவில், யார் கண்ணிலும் அவ்வளவாகப் படாது. கேட்டால் ஒட்டிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். எவ்வளவு நேரம் என்று பின்னால் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறான், கணக்கு பிடிபட்டதில்லை. பிறகு வெளியே வந்து, ஷட்டரை முழுக்கத் தூக்கி, கண்ணாடியின் வெளிப்பக்கம், கண் மட்டத்தில், நான்கு மூலைக்கும் டேப் போட்டு ஒட்டினான். ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான். டீக்கடையில் பேச்சு நின்றது அவனுக்கு முதுகில் தெரிந்தது.

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். அவள் நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது.

"நீங்க ஒட்டிட்டீங்களான்னு கேட்டாங்க" என்றாள். "ஒட்டியிருப்பாருன்னு சொன்னேன். அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல."

அவன் உள்ளே போனான். ஆக்சிஜனை யாரோ நிறுத்தியிருந்தார்கள். அறை அவ்வளவு அமைதியாக இருந்து அவன் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் தெருவின் இருபுறமும் கார்கள் நின்றன. அவள் தாள் எழுதிய கார்கள்தான் பாதிக்கு மேல். வாங்கியவர்கள் வந்தார்கள், விற்றவர்களும் வந்தார்கள். அவள் சொல்லால் விலை குறைந்து முகம் சுளித்துப் போனவர் ஒருவரும் வந்து, அவள் காலடியில் ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனார். கைப்பிடியில் டேப் சுற்றிய ஒரு பழைய வண்டியில் வந்த கிழத் தம்பதி, இருபது வருடத்துக்கு முந்தைய தாளை லேமினேட் செய்து வைத்திருப்பதாக யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தரகர்கள் சுவரோரமாக நின்றார்கள். எல்லோரும் கண்ணாடியில் ஒட்டியதைப் படித்துவிட்டு வந்தவர்கள் என்பது சர்க்கரைக்குத் தெரியும். அவனும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவர்களும் எடுக்கவில்லை. கடைசியில் அவர்களில் பெரிய மீசை வைத்த ஒருவர்தான் தாழ்ந்த குரலில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"இருபத்தெட்டு வருஷத்துல ஒண்ணு. அதையும் அந்தம்மாவே புடிச்சு, அந்தம்மாவே ஒட்டச் சொல்லியிருக்கு. நான் சொன்ன பொய்யையெல்லாம் ஒட்டணும்னா கடைத்தெருக் கண்ணாடி மொத்தமும் பத்தாது."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து மீசையைத் துடைத்துக்கொண்டார். மீசையில் ஒன்றுமில்லை.

நடுவில் சர்க்கரையின் போன் அடித்தது. போன மாதம் கார் வாங்கிப் போனவர். அக்கா போன விஷயம் தெரியாது போல. கடைக் கண்ணாடியில் பார்த்தேன், என் வண்டித் தாளையும் ஒருமுறை சரிபார்த்துக் கொடுத்தால் தேவலை என்றார். சர்க்கரை பயந்தது இதற்குத்தான். ஆனால் எதிர்பார்த்த அளவு பயம் வரவில்லை. கொண்டு வாருங்கள் என்றான். யார் பார்ப்பார்கள் என்று அவர் கேட்டார். சர்க்கரை உள்ளே, வெள்ளைத் துணிக்கு வெளியே தெரிந்த அக்காவின் கையைப் பார்த்தான். விரல்களை யாரோ நேராக்கி வைத்திருந்தார்கள். கொண்டு வாருங்கள் என்று மறுபடியும் சொன்னான்.

அக்காவைக் கொண்டுபோகும் வண்டி வர இன்னும் அரை மணி இருந்தது. அப்போதுதான் சாம்பல் நிறக் கார் தெருமுனையில் திரும்பியது. ரொட்டித் தட்டுகள் உள்ளே கடகடவென்று ஆடின. ஓட்டி வந்தது பேக்கரிக்காரர் இல்லை, அவர் சாயலில் இருந்த வேறொருவன். நாற்பது வயது இருக்கும், முன்வழுக்கை. பேக்கரிக்காரர் பக்கத்து இருக்கையில் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கார் நின்ற பிறகும் இரண்டு பேரும் இறங்கவில்லை. பேசிக்கொண்டதாகவும் தெரியவில்லை.

பிறகு ஓட்டி வந்தவன் இறங்கினான். காரை முன்பக்கமாகச் சுற்றி வந்தான். அண்ணன் பக்கத்துக் கதவு உள்ளிருந்து திறக்காது போலிருந்தது, வெளியிலிருந்து திறந்து, அவர் இறங்கி நிற்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டான். அவர் அவனைப் பார்க்காமலே இறங்கினார். இறங்கும்போது அவன் முழங்கையில் கை ஊன்றிக்கொண்டார்.

சர்க்கரை உள்ளே போய் இரண்டு நாற்காலிகளைத் தூக்கி வந்தான். சுவரோரம் அவற்றை ஒட்டினாற்போல் போட்டான். அவர்கள் வருவதற்குள் ஒன்றை லேசாக நகர்த்தி, நடுவில் ஒரு கை அகலம் விட்டான்.